விரியலைஸ் ஆட்டோமேஷன் பதிப்பு மேம்படுத்தல்: ஆயத்தங்களின் வரலாறு

விரியலைஸ் ஆட்டோமேஷன் என்பது பெருநிறுவனங்களின் தரவு மையங்களில் மெய்நிகர் கணினிகளை உருவாக்குதல், பராமரித்தல், நீக்குதல் ஆகிய பணிகளைத் தானியக்கமாக்கும் மேகக் கணிமை மேலாண்மை மென்பொருள். கிரெடிட் சுவிஸ் வங்கிக்குள் தோன்றிய ஒரு கருவியிலிருந்து வளர்ந்த இம்மென்பொருள், 2012-ல் விஎம்வேர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. விகிளவுட் ஆட்டோமேஷன் சென்டர், விரியலைஸ் ஆட்டோமேஷன், ஏரியா ஆட்டோமேஷன், விசிஎஃப் ஆட்டோமேஷன் எனக் காலந்தோறும் பெயர் மாறியது. அதன் உள்கட்டமைப்பும் சில முறை அடியோடு மாறியது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குச் செல்ல நிறுவனங்கள் செய்த முன்னேற்பாடுகளும் அவற்றுடன் சேர்ந்து மாறின. 6-ஆம் பதிப்பிலிருந்து 7-க்குச் சென்றபோது கணினிகளைப் பாதுகாப்பதே ஆயத்தத்தின் மையமாக இருந்தது. 7-லிருந்து 8-க்குச் சென்றபோது, நிறுவனங்கள் பல ஆண்டுகளாகத் தாங்களே எழுதிச் சேர்த்தவற்றைப் படித்துப் புரிந்துகொள்வதே பெரும் பணியாயிற்று.

மென்பொருளின் பணி

தானியக்கம் வருவதற்கு முன், ஒரு வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ பணியாற்றும் நிரலாளருக்கு ஒரு வழங்கி தேவைப்பட்டால் அவர் படிவம் நிரப்பிக் காத்திருக்க வேண்டும். மேலாளர் ஒப்புதல் தருவார். ஒரு குழு மெய்நிகர் கணினியை உருவாக்கும், இன்னொரு குழு ஐ.பி. முகவரி ஒதுக்கும், வேறொரு குழு பாதுகாப்பு விதிகளைச் சேர்க்கும். ஒவ்வொரு மேசையிலும் கோரிக்கை நின்று நின்று நகரும்.

விரியலைஸ் ஆட்டோமேஷன் இந்த வேலைகளை ஒரே இணைய வாயிலில் கொண்டுவந்தது. பயனர் ஒரு சேவைப் பட்டியலைப் பார்த்துத் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தக் கணினி எத்தகையது, அதில் எந்த இயங்குதளம், எவ்வளவு நினைவகம் என்பதெல்லாம் புளூபிரிண்ட் எனப்படும் வரைவில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். பயனர் சார்ந்த பிரிவு ‘பிசினஸ் குரூப்’ எனவும், அப்பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட வன்பொருள் அளவு ‘ரிசர்வேஷன்’ எனவும் குறிக்கப்பட்டன. ஒப்புதல் கிடைத்ததும் கணினி தானாகவே உருவாகும். அதற்குக் குறித்த பயன்பாட்டுக் காலம் முடிந்தால் தானாகவே நீக்கவும்படும்.

இம்மென்பொருளை மேம்படுத்துவது ஏன் கவலைக்குரியதாக இருந்தது என்பதற்கு விடை இந்த அமைப்பிலேயே உள்ளது. மேம்படுத்தலின்போது இது நின்றுபோனால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினிகள் நிற்பதில்லை. அவை அடியிலுள்ள விஸ்பியர் தளத்தில் தொடர்ந்து இயங்கும். ஆனால் புதியவற்றை உருவாக்க முடியாது. காலம் முடிந்தவற்றை நீக்கவும் முடியாது. மென்பொருளின் தரவுத்தளம் சிதைந்தால் நிலை இன்னும் மோசமாகும். எந்தக் கணினி யாருடையது, எந்தப் பிரிவின் கணக்கில் வருகிறது, எப்போது காலாவதியாகும் என்ற பதிவுகள் போய்விடும். கணினிகள் இருக்கும், அவற்றுக்கு உரியவர் யார் என்பது தெரியாது. ஆகவே பாதுகாக்க வேண்டியிருந்தது ஒரு மென்பொருளை மட்டுமல்ல, ஒரு பெரிய நிறுவனத்தின் உடைமைப் பதிவேட்டையும் தான்.

தோற்றம்

டைனமிக்ஆப்ஸ் என்ற நிறுவனம் 2008-ல் கிரெடிட் சுவிஸிலிருந்து தனியாகப் பிரிந்து உருவானது. அதன் அலுவலகம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பர்லிங்டனில் இருந்தது. வங்கியின் சொந்தத் தேவைக்காக உருவான கருவியே அதன் விற்பனைப் பொருளாயிற்று. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்ட அக்கருவி விண்டோஸ் வழங்கிகளில் இயங்கியது, தரவுகளை எஸ்.கியூ.எல். சர்வரில் சேமித்தது.

2012 ஜூலையில் டைனமிக்ஆப்ஸை வாங்குவதாக விஎம்வேர் அறிவித்தது. அதன்பின் மென்பொருள் விகிளவுட் ஆட்டோமேஷன் சென்டர் என்ற பெயரில் வெளிவந்தது. 2013 டிசம்பரில் வெளியான 6.0 பதிப்பு முக்கியமான ஒரு மாற்றத்தைச் செய்தது. சேவைப் பட்டியல், ஒப்புதல், பயனர் அடையாளம் ஆகியவை புதிதாக எழுதப்பட்டு, லினக்ஸில் இயங்கும் ‘அப்ளையன்ஸ்’ என்ற ஆயத்த மெய்நிகர் கணினிக்குள் வைக்கப்பட்டன. கணினிகளை உண்மையில் உருவாக்கும் பழைய பகுதி ‘ஐயாஸ்’ என்ற பெயரில் விண்டோஸிலேயே தங்கிவிட்டது.

இதனால் மென்பொருள் இரு பாதிகளைக் கொண்டதாயிற்று. ஒரு பாதி லினக்ஸிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும், மறுபாதி விண்டோஸிலும் எஸ்.கியூ.எல். சர்வரிலும் இருந்தன. ஒரே கோரிக்கையின் விவரங்கள் இரண்டு தரவுத்தளங்களிலும் பிரிந்து கிடந்தன. விண்டோஸ் பாதியிலும் இணையப் பகுதி, மேலாண்மைச் சேவை, பணிகளைப் பிரித்துக் கொடுக்கும் ‘டெம் ஆர்க்கெஸ்ட்ரேட்டர்’, பணிகளைச் செய்யும் ‘டெம் வொர்க்கர்’, விஸ்பியருடன் பேசும் முகவர் எனப் பல உறுப்புகள் இருந்தன. பழுது தாங்கும் வகையில் ஒவ்வொன்றையும் இரட்டையாக நிறுவிய நிறுவனங்களில், இந்த ஒரு மென்பொருளுக்கே பத்துக்கும் மேற்பட்ட வழங்கிகள் தேவைப்பட்டன.

2014 ஆகஸ்டில் விஎம்வேர் தன் மேலாண்மை மென்பொருள்களுக்கு விரியலைஸ் என்ற பொதுப்பெயரை அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த 6.2 பதிப்பு முதல் இம்மென்பொருள் விரியலைஸ் ஆட்டோமேஷன் ஆயிற்று.

6-லிருந்து 7-க்கு: ஒழுங்கும் வரிசையும்

2015 டிசம்பரில் 7.0 வெளியானது. தனி அப்ளையன்ஸாக இருந்த அடையாளச் சேவை நீக்கப்பட்டு, விஎம்வேர் ஐடென்டிட்டி மேனேஜர் பிரதான அப்ளையன்ஸுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. தனித்தனியாக இருந்த ஒற்றைக் கணினி வரைவு, பல்கணினி வரைவு, பயன்பாட்டுச் சேவை ஆகியவை ஒரே ஒருங்கிணைந்த புளூபிரிண்ட் ஆயின. வரைவைத் திரையில் இழுத்து வைத்து அமைக்கும் வசதியும் வந்தது. ஆனாலும் இரு பாதிக் கட்டமைப்பு மாறவில்லை. அதனால் இருந்த இடத்திலேயே மேம்படுத்த வழி இருந்தது. அந்த வழி நெடியது, ஒவ்வொரு படியும் வரிசை தவறாமல் நடக்க வேண்டியது.

முதற்படி, தற்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்ப்பது. எந்தப் பதிப்பிலிருந்தும் எந்தப் பதிப்புக்கும் நேரடியாகத் தாவ முடியாது. 6.2-க்கு முந்தைய பதிப்பில் இருந்தவர்கள் முதலில் 6.2 வரிசைக்கு வந்து, அங்கிருந்தே 7-க்கு ஏற வேண்டியிருந்தது. மேம்படுத்தலைத் தள்ளிப்போட்ட நிறுவனம் ஒரு பயணத்துக்குப் பதில் இரண்டு மூன்று பயணங்களுக்கு ஆயத்தம் செய்ய நேர்ந்தது.

அடுத்தது பொருத்தப் பட்டியல். விஸ்பியர், எஸ்.கியூ.எல். சர்வர், விண்டோஸ், ஜாவா, பணிப்பாய்வுகளை இயக்கும் விரியலைஸ் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் ஆகிய ஒவ்வொன்றின் பதிப்பும் புதிய 7-உடன் ஒத்துப்போகுமா என்று சரிபார்க்க வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டால், அதை முதலில் மேம்படுத்தியாக வேண்டும். அதை மேம்படுத்தினால் அதை நம்பியிருக்கும் வேறொன்று பாதிக்கப்படக்கூடும். ஒரு மென்பொருளின் மேம்படுத்தல் தரவு மையம் முழுவதையும் தொட்டது இவ்வாறுதான்.

மூன்றாவது காப்புநகல். இரு தரவுத்தளங்களில் தரவு பிரிந்திருந்ததால், எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தின் காப்புநகலும் அப்ளையன்ஸின் ஸ்னாப்ஷாட்டும் ஒரே நேரத்து நிலையைக் காட்ட வேண்டும். ஒன்று திங்கட்கிழமை நிலையையும் மற்றொன்று செவ்வாய்க்கிழமை நிலையையும் காட்டினால், இடைப்பட்ட நாளில் உருவான கணினி ஒரு பாதியில் இருக்கும், மறு பாதியில் இருக்காது. எனவே ஸ்னாப்ஷாட் எடுக்குமுன் உறுப்புகளை முறைப்படி நிறுத்தினர். முதலில் டெம் வொர்க்கர்களும் முகவர்களும், பிறகு ஆர்க்கெஸ்ட்ரேட்டர்கள், பிறகு மேலாண்மைச் சேவை, பிறகு இணைய வழங்கிகள், கடைசியாக அப்ளையன்ஸ். திரும்ப இயக்கும்போது இதே வரிசை தலைகீழாகப் பின்பற்றப்பட்டது.

காப்புநகலோடு சேர்த்துக் காக்க வேண்டிய இன்னொன்றும் இருந்தது. முதல் நிறுவலின்போது கொடுக்கப்பட்ட பாதுகாப்புச் சொற்றொடர் அது. எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தில் உள்ள கடவுச்சொற்கள் அச்சொற்றொடரைக் கொண்டே மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. அதை அறிந்தவர் வேலையை விட்டுப் போயிருந்து, எங்கும் எழுதி வைக்கப்படாமலும் இருந்தால், காப்புநகல் கையில் இருந்தும் மீட்பு முழுமை பெறாது.

அதன்பின் சிறியனவாகத் தோன்றிய, ஆனால் தவறவிடக் கூடாத வேலைகள் வந்தன. அப்ளையன்ஸுக்குப் போதிய வட்டு இடமும் நினைவகமும் உண்டா, சான்றிதழ்கள் காலாவதியாகவில்லையா, பெயர்த் தீர்வு சரியா, சேவைக் கணக்குகளின் கடவுச்சொற்கள் செல்லுபடியாகின்றனவா என்று பார்த்தனர். சுமை சமன்படுத்தியில் நலச் சோதனையை நிறுத்தி, போக்குவரத்து முதன்மை வழங்கிக்கு மட்டும் செல்லுமாறு அமைத்தனர். இல்லையெனில் பாதி மேம்பட்ட ஒரு வழங்கிக்குக் கோரிக்கை போய்விடும். பாதியில் நிற்கும் கோரிக்கைகள் எதுவும் இல்லாமல் முடித்துவைத்து, சேவை எத்தனை மணி நேரம் கிடைக்காது என்று பயனர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தனர்.

இவ்வளவு ஆயத்தமும் கணினிகளைப் பற்றியது. ஒழுங்கான நிர்வாகி ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறியிட்டு முடிக்கக்கூடிய வேலை இது. 7 வரிசையின் பிற்பதிப்புகளில் விண்டோஸ் பாதியின் மேம்படுத்தலும் தானியக்கமாக்கப்பட்டதால் அதன் சுமையும் குறைந்தது.

இரண்டு வழிகள்

7 வரிசை வளர்ந்தபோது நிறுவனங்கள் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஒன்று, இருந்த இடத்திலேயே மேம்படுத்துவது. மற்றொன்று, புதிய பதிப்பைப் பக்கத்திலேயே தனியாக நிறுவி, பழையதிலிருந்து தரவுகளைப் பெயர்ப்பது. முதல் வழியில் முகவரிகளும் பெயர்களும் மாறுவதில்லை, கூடுதல் வன்பொருளும் வேண்டியதில்லை. ஆனால் தோற்றால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது ஒன்றே வழி. இரண்டாவது வழியில் பழைய அமைப்பு தொடாமல் இருக்கும், புதியதை ஆற அமரச் சோதிக்கலாம். ஆனால் சில காலத்துக்கு இரண்டு அமைப்புகளையும் பராமரிக்க வேண்டும். பெயர்த்த நாளுக்குப் பின் பழைய அமைப்பில் உருவாக்கப்படும் எதுவும் புதியதில் இருக்காது என்பதால், எந்த நாளில் பழையதை மூடுவது என்ற முடிவையும் தள்ளிப்போட முடியாது.

இரு வழிகளுக்கும் பொதுவான தேவை ஒரு சோதனைச் சூழல். உற்பத்திச் சூழலின் நகல் ஒன்றில் முழு மேம்படுத்தலையும் ஒருமுறை நடத்திப் பார்ப்பதே, எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை அறிய நம்பத்தக்க வழி. நகல் உண்மையை ஒத்திராவிட்டால் சோதனைக்குப் பொருள் இல்லை. இதற்கு வேறொரு துறையிலிருந்து நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சான்று உண்டு. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு ஒரே வார இறுதியில் மாற்றியது. தரவு சரியாகவே பெயர்ந்தது, ஆனால் அதைத் தாங்க வேண்டிய தளம் தடுமாறியது. ஏறத்தாழ 19 லட்சம் பேர் தம் கணக்கை அணுக முடியாமல் போயினர். 2019-ல் வெளியான சுயாதீன விசாரணை அறிக்கை, இரண்டு தரவு மையங்களில் இயங்க வேண்டிய அமைப்பின் சுமைச் சோதனை ஒன்றில் மட்டுமே நடத்தப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. 2022 டிசம்பரில் பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்புகள் அவ்வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கும் மேல் அபராதம் விதித்தன. மென்பொருள் வேறு, அளவு வேறு. ஆயினும் ஆயத்தத்தில் விடப்பட்ட ஒரு பாதி, மாற்றும் நாளில் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்பதில் வேறுபாடில்லை.

8: அறுபட்ட தொடர்ச்சி

7 வரிசையின் கடைசிப் பெரும் பதிப்பான 7.6, 2019 ஏப்ரலில் வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் 8.0 வந்தது. எண் வரிசையில் அடுத்ததாக இருந்தாலும் 8 பழைய மென்பொருளின் வளர்ச்சி அல்ல. விஎம்வேர் 2018-ல் இணையவழிச் சேவையாக அறிவித்த கிளவுட் அசெம்பிளி, சர்வீஸ் புரோக்கர், கோட் ஸ்ட்ரீம் ஆகிய மூன்றையும் நிறுவனங்களின் சொந்தத் தரவு மையத்தில் நிறுவத்தக்க வடிவில் தந்ததே 8. விண்டோஸ் பாதியும் எஸ்.கியூ.எல். சர்வரும் முற்றிலும் நீங்கின. ஃபோட்டான் லினக்ஸின் மேல் குபெர்னெட்டீஸ் இயங்க, அதற்குள் சிறு சிறு சேவைகளாக மென்பொருள் ஓடியது. பத்துக்கும் மேற்பட்ட வழங்கிகளின் இடத்தில் ஓர் அப்ளையன்ஸோ, மூன்று அப்ளையன்ஸ் கொண்ட தொகுதியோ போதுமானதாயிற்று. நிறுவலும் பராமரிப்பும் லைஃப்சைக்கிள் மேனேஜர் என்ற தனிக் கருவியின் பொறுப்பில் வந்தன.

டைனமிக்ஆப்ஸ் காலத்திலிருந்து தொடர்ந்த சுமை இவ்வாறு இறங்கியது. ஆனால் 7-லிருந்து 8-க்கு இருந்த இடத்தில் மேம்படுத்தும் வழியே இல்லாமல் போயிற்று. புதிதாக நிறுவி, பழையதைப் பெயர்ப்பது ஒன்றே வழி.

பெயர்ப்பதற்கு இருந்தவை வெறும் தரவுகள் அல்ல, கருத்துகளும் தான். பிசினஸ் குரூப் ‘புராஜெக்ட்’ ஆயிற்று. எண்ட்பாயின்ட் ‘கிளவுட் அக்கவுன்ட்’ ஆயிற்று. ரிசர்வேஷனின் வேலை ‘கிளவுட் ஜோன்’ என்பதற்குப் போனது. கணினியின் அளவும் இயங்குதளப் படிமமும் தனிப் பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டன. திரையில் இழுத்து வைத்து அமைத்த புளூபிரிண்ட், யாமல் வடிவில் எழுதப்பட்ட உரைக்கோப்பு ஆயிற்று. இவை பெயர் மாற்றங்கள் மட்டுமல்ல. ரிசர்வேஷன் என்பது ஒரு பிரிவுக்குக் குறிப்பிட்ட அளவு வன்பொருளை ஒதுக்கிவைப்பது. கிளவுட் ஜோன் என்பது பல பிரிவுகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு வெளி. ‘இந்த அளவு என் துறைக்கு உரியது’ என்று பழகிய ஒரு துறைக்கு, இனி அது எப்படிக் கணக்கிடப்படும் என்று விளக்குவதும் ஆயத்தத்தின் பகுதியாயிற்று.

பழையதில் இருந்த எல்லாமும் முதல் நாளிலேயே புதியதில் இல்லை. ஒரே நிறுவலைப் பல வாடிக்கை அமைப்புகளுக்குத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் வசதி 7-ல் இருந்தது, 8.0-வில் இல்லை. 2020 ஏப்ரலில் வந்த 8.1-ல்தான் அது திரும்பியது. அவ்வசதியை நம்பியிருந்த நிறுவனங்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

தனிப்பயன் நிரல்களின் சுமை

பெயர்ப்பில் கடினமான பகுதி நிறுவனங்கள் தாங்களே எழுதிச் சேர்த்தவை. ஆயத்த நிலையில் விற்கப்படும் எந்தத் தானியக்க மென்பொருளும் ஒரு நிறுவனத்தின் நடைமுறைக்கு அப்படியே பொருந்துவதில்லை. கணினிக்குப் பெயரிடும் விதி, ஐ.பி. முகவரி ஒதுக்கும் முறை, உடைமைப் பதிவேட்டில் சேர்க்கும் படி, காப்புநகல் திட்டத்தில் இணைக்கும் படி என ஒவ்வொன்றுக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டரில் ஜாவாஸ்கிரிப்ட் பணிப்பாய்வுகள் எழுதப்பட்டன.

6-ஆம் பதிப்புக் காலத்தில், கணினி உருவாகும் குறிப்பிட்ட கட்டங்களில் இந்தப் பணிப்பாய்வுகளைக் கோத்துவிட ‘வொர்க்ஃப்ளோ ஸ்டப்’ என்ற இணைப்புகள் பயன்பட்டன. 7.0 ‘ஈவென்ட் புரோக்கர்’ என்ற புதிய முறையை அறிமுகப்படுத்தியது, ஆனால் பழைய இணைப்புகளையும் அனுமதித்தது. அதனால் பல இடங்களில் அவை அப்படியே விடப்பட்டன. 6-லிருந்து 7-க்கு ஏறியபோது எவரும் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டிய கட்டாயம் எழவில்லை. 8-ல் அந்த இணைப்புகள் இல்லை. மென்பொருளின் நிரல் இடைமுகங்களும் புதியவை. ஆகவே பழைய இடைமுகத்தை அழைத்த ஒவ்வொரு பணிப்பாய்வையும் திருத்தியோ திரும்ப எழுதியோ ஆக வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் தொழில்நுட்பக் கேள்வி நிறுவனத்தின் வரலாறு பற்றிய கேள்வியாக மாறியது. பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பணிப்பாய்வு குறிப்பிட்ட சில கணினிகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு அளிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த விதிவிலக்கு இன்றும் தேவையா? அது கேட்கப்பட்ட காரணம் என்ன? கேட்ட துறை இன்னும் இருக்கிறதா? நிரல் ‘என்ன செய்ய வேண்டும்’ என்று மட்டும் சொல்லும். ‘ஏன்’ என்பது எழுதியவரின் நினைவில் இருந்தது. எழுதியவர் பெரும்பாலும் வேறு பணிக்குப் போயிருந்தார். தேவையற்றதென நினைத்து அதை விட்டுவிட்டால், அது ஒரு தணிக்கை விதிக்காக எழுதப்பட்டது என்பது தணிக்கையின்போதுதான் தெரியவரும். தேவை என நினைத்து எல்லாவற்றையும் எடுத்துச் சென்றால், புதிய மென்பொருள் முதல் நாளிலேயே பழையதன் எல்லாச் சுமைகளையும் தாங்கி நிற்கும்.

இதற்கு உதவ விஎம்வேர் ஒரு மதிப்பீட்டுக் கருவியை அளித்தது. அது 7-ஆம் பதிப்புச் சூழலை ஆராய்ந்து, ஒவ்வொரு பிசினஸ் குரூப்பும் புளூபிரிண்ட்டும் பெயர்ப்புக்குத் தயார், எச்சரிக்கையுடன் தயார், தயாரில்லை என வகைப்படுத்தியது. எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை நிர்வாகத்துக்குக் காட்ட இந்த அறிக்கை பயன்பட்டது. ஆனால் ஒரு புளூபிரிண்ட் பெயர்க்கத் தக்கதா என்று கருவி சொல்லுமே தவிர, அது இன்னும் வேண்டுமா என்று சொல்லாது. அதற்கு ஒவ்வொரு வரைவையும் கடைசியாக யார், எப்போது பயன்படுத்தினார்கள் என்று பார்த்து, உரிய துறையிடம் கேட்க வேண்டியிருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளையும் புதிய அமைப்பின் பொறுப்பில் கொண்டுவர வேண்டும். 8-ல் இதற்கு ‘ஆன்போர்டிங்’ என்ற முறை உண்டு. கணினியை நிறுத்தாமலேயே அதைப் புதிய பதிவேட்டில் ஒரு புராஜெக்ட்டின் கீழ், ஓர் உரிமையாளரின் பெயரில் சேர்க்கலாம். எந்தப் பெயரில் சேர்ப்பது என்பதற்குப் பழைய பதிவேடு சரியாக இருந்தாக வேண்டும். பணி விலகியவர்களின் பெயரிலேயே விடப்பட்ட கணினிகளை முதலில் வேறொருவர் பெயருக்கு மாற்றுவதும், பயனற்றவற்றை நீக்குவதும் பெயர்ப்புக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளாயின.

தாமதத்தின் விலை

இவ்வளவு வேலை இருந்ததால், 7.6-லேயே இருந்துவிடுவது பல நிறுவனங்களுக்கு எளிதாகத் தோன்றியது. ஓடும் அமைப்பைத் தொடுவானேன் என்ற வாதத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் காத்திருப்பதும் இலவசமல்ல. 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தின் கடுமையான பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டபோது, பாதிக்கப்பட்டவையென விஎம்வேர் அறிவித்த தயாரிப்புகளில் விரியலைஸ் ஆட்டோமேஷனின் 7.6, 8 இரண்டும் இருந்தன. 2022 ஏப்ரலில் அடையாளச் சேவையில் கண்டறியப்பட்ட குறைபாடுகள், அச்சேவையைத் தன்னுள்ளே கொண்டிருந்த 7.6-ஐயும் தொட்டன. அவ்வாண்டு மே மாதம் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, விரியலைஸ் ஆட்டோமேஷன் உள்ளிட்ட விஎம்வேர் தயாரிப்புகளில் இக்குறைகளை உடனே சரிசெய்யவோ, அவற்றை வலையமைப்பிலிருந்து நீக்கவோ வேண்டுமென்று கூட்டரசுத் துறைகளுக்கு அவசர ஆணை பிறப்பித்தது.

தரவு மையம் முழுவதிலும் கணினிகளை உருவாக்கவும் அழிக்கவும் உரிமை பெற்ற மென்பொருளில் ஓட்டை இருப்பது, வீட்டுச் சாவிகள் அனைத்தும் தொங்கும் பலகையைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும். ஆதரவுக் காலம் முடியும் பதிப்பில் தங்கியிருப்போர், இத்தகைய குறைபாடு அடுத்தமுறை வெளிப்படும்போது திருத்தம் கிடைக்குமா என்ற உறுதியின்றி இருந்தனர். மேம்படுத்தலுக்கு ஆயத்தம் செய்ய மாதங்கள் வேண்டும், பாதுகாப்பு அறிவிப்பு வந்தபின் கிடைப்பதோ சில நாட்கள். ஆகவே ஆயத்தம் தேவை எழுவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்ற பாடத்தை இந்த ஆண்டுகள் கற்பித்தன.

8-க்குப் பின்

8 வரிசைக்குள் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குச் செல்வது ஒப்பீட்டளவில் எளிதாயிற்று. லைஃப்சைக்கிள் மேனேஜரே முன்சோதனை செய்து, ஸ்னாப்ஷாட் எடுத்து, மேம்படுத்தலை நடத்தியது. இங்கும் வரிசை உண்டு. முதலில் லைஃப்சைக்கிள் மேனேஜர், அடுத்து அடையாளச் சேவை, அதன்பின் ஆட்டோமேஷன். நிர்வாகக் கடவுச்சொல் காலாவதியாகியிருத்தல், வட்டு இடம் போதாமை, சான்றிதழ் முடிந்திருத்தல் போன்ற பழைய சிறு காரணங்களால் மேம்படுத்தல் தடைபடுவதும் முற்றிலும் நின்றுவிடவில்லை.

2022 ஆகஸ்டில் மென்பொருளின் பெயர் ஏரியா ஆட்டோமேஷன் என மாறியது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரைக் கையகப்படுத்தி முடித்தது. நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டுச் சந்தா முறை வந்தது. இம்மென்பொருள் விஎம்வேர் கிளவுட் ஃபவுண்டேஷன் என்ற பெருந்தொகுப்பின் பகுதியாயிற்று. 2025 ஜூனில் அத்தொகுப்பின் 9.0 பதிப்போடு அது விசிஎஃப் ஆட்டோமேஷன் ஆனது. இதனால் ஆயத்தப் பட்டியலில் புதிய ஒரு கேள்வி சேர்ந்தது: அடுத்த பதிப்புக்குச் செல்வதா, வேறு மென்பொருளுக்கே போய்விடுவதா? இக்கேள்விக்கு விடை தேடும் நிறுவனங்களும் முதலில் செய்ய வேண்டியது பழைய வேலையைத்தான். தம்மிடம் எத்தனை வரைவுகள், எத்தனை பணிப்பாய்வுகள் உள்ளன, அவற்றில் எவை உயிரோடு உள்ளன, எவை ஏன் எழுதப்பட்டன என்று அறிய வேண்டும்.

மதிப்பீடு

விரியலைஸ் ஆட்டோமேஷனின் வரலாற்றில் ஒவ்வொரு புதிய பதிப்பும் இயந்திரம் சார்ந்த ஆயத்தங்களைக் குறைத்தது. கையால் செய்த நிறுத்த வரிசைகள் கருவியின் வேலையாயின, இரு தரவுத்தளங்களின் சிக்கல் மறைந்தது, பல வழங்கிகள் மூன்றாகச் சுருங்கின. அதே நேரத்தில், மனிதர் எடுத்த முடிவுகளின் சுமை வளர்ந்துகொண்டே வந்தது. தானியக்கம் ஒரு விதியை ஒருமுறை எழுதி ஆயிரம் முறை நடத்துகிறது. நடக்கும் காலமெல்லாம் அதைப் பற்றி எவரும் யோசிக்க வேண்டியதில்லை என்பதே அதன் பயன். யோசிக்காமல் விட்ட விதிகள் அனைத்தும் மேம்படுத்தலின்போது ஒரே நேரத்தில் விளக்கம் கேட்டு நின்றன.

6-லிருந்து 7-க்குச் சென்றபோது திறக்காமல் எடுத்துச் சென்ற மூட்டைகளை, 7-லிருந்து 8-க்குச் சென்றபோது பிரித்துப் பார்த்தாக வேண்டியிருந்தது. முதல் பயணத்திலேயே பிரித்துப் பார்த்து, வேண்டியதற்குக் காரணம் எழுதி வைத்து, வேண்டாததைக் கழித்த நிறுவனத்துக்கு இரண்டாவது பயணத்தில் செய்ய வேண்டியது குறைவாக இருந்தது.